கட்டுப்பாடும் கடைத்தெருவும்: அரசுச் சீர்திருத்தங்களை வணிகர் எடைபோடுவது எப்படி?

வணிகப் பெருமக்களுக்கு அரசாங்கக் கொள்கை என்பது காலைப் பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைக்கும் சமாச்சாரம் அன்று. டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் அவிநாசிக் கடைவீதியில் துவரம் பருப்பின் விலைச்சீட்டு மாறுகிறது. சென்னைக் கோட்டையில் ஓர் அரசாணை பிறந்தால் நமது மேசைக்கடியில் இருக்கும் பை மாறுகிறது; பில் புத்தகம் மாறுகிறது; சில சமயம் கடையின் கதவு திறக்கும் நேரமே மாறுகிறது. ஆகவே "அரசியல் நமக்கெதற்கு" என்று ஒதுங்கிக்கொள்ள மளிகைக் கடைக்காரருக்கு வசதி கிடையாது.

ஆனால் ஒவ்வொரு புதிய சட்டம் வரும்போதும் நாம் செய்வது என்ன? வரி குறைந்தால் வரவேற்கிறோம், கூடினால் கண்டிக்கிறோம். இது போதாது. ஒரு சீர்திருத்தம் நல்லதா, கெட்டதா என்று எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். அத்தகைய படிக்கல் ஒன்றைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மூதறிஞர் ராஜாஜி. அவருடைய கருத்துகள் முழுவதையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. எந்த இடத்தில் அவர் கணக்கு சரியாக வந்தது, எந்த இடத்தில் பிசகியது என்று பார்த்தாலே நமக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டுக்கட்டை போடுபவர் யார்?

'பழமைவாதி' என்ற சொல் நம் நாட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. மாற்றம் எதுவும் கூடாது என்று அடம்பிடிப்பவர் என்பதே பலரும் கொள்ளும் பொருள். அரசியல் தத்துவத்தில் அதன் பொருள் வேறு.

அவிநாசித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சக்கரத்தருகே கையில் கட்டையுடன் சிலர் நடந்து வருகிறார்கள். வீதி முனையில் தேர் திரும்ப வேண்டிய இடத்தில் அவர்கள்தான் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள். அவர்கள் தேரோட்டத்தின் எதிரிகள் அல்லர். அவர்கள் இல்லாவிட்டால் தேர் திரும்பாது. வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறவன்' என்றால் கெட்டவன். தேர்வீதியில் அவன் இல்லாமல் காரியம் நடக்காது. பழமை பேணும் அரசியல் கருத்தின் சாரம் இதுவே: தேர் நகரட்டும்; ஆனால் திருப்பத்தில் கட்டை இருக்கட்டும்.

மேல்நாட்டில் இக்கருத்தின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் எட்மண்ட் பர்க். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-ல் நூல் எழுதியவர். அதே பர்க், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது இங்கிலாந்து விதித்த வரியை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் வாதாடியவர். ஆகவே அரசு சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது பழமை பேணுதல் ஆகாது. பல தலைமுறை அனுபவத்தில் விளைந்த ஏற்பாடுகளை ஒரே நாளில் காகிதத்தில் அழித்து எழுதாதே என்பதும், சீர்திருத்தம் செய்வதானால் வீட்டில் குடியிருந்துகொண்டே கூரையைச் செப்பனிடுவது போலச் செய் என்பதும்தான் அவர் வாதம்.

நம் முன்னோர்கள் இதை இன்னும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை புறநானூற்றில் இருக்கிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் ஆகும். யானையே வயலுக்குள் புகுந்து தின்னத் தொடங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் நாசமாவது அதிகம் என்கிறார் புலவர். அரசுக்கு வரி வேண்டும், அதில் ஐயமில்லை. அதை வாங்கும் முறையில்தான் நாட்டின் வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன.

விற்பனை வரியைக் கொண்டுவந்தவரே அவர்தான்

ராஜாஜி என்றால் வரிக்கும் கட்டுப்பாட்டுக்கும் எதிரி என்று நினைப்பவர்கள் ஒரு செய்தியை அறிய வேண்டும். இன்று நாம் செலுத்தும் ஜி.எஸ்.டி.யின் பாட்டனார் விற்பனை வரி. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் சட்டமாக்கியது சென்னை மாகாணம். 1939-ம் ஆண்டு அதைக் கொண்டுவந்த பிரதம மந்திரி ராஜாஜி.

காரணம் மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமல்படுத்தினார். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று. கஜானாவில் விழுந்த பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? எல்லாச் சரக்கின் விற்பனை மீதும் குறைந்த விகிதத்தில் ஒரு வரி என்று முடிவு செய்தார். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் நடந்துகொண்ட ஒழுங்கு. ஒரு செலவை ஏற்றால், அல்லது ஒரு வருமானத்தைத் துறந்தால், அதற்கு ஈடான வழியையும் அதே கையால் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. கடன் வாங்கிச் சமாளிப்போம், நோட்டு அச்சடித்துச் சமாளிப்போம் என்று அவர் சொல்லவில்லை. வரவறிந்து செலவு செய்வது கடைக்காரன் புத்தி. அந்தப் புத்தி கோட்டையிலும் இருக்க வேண்டும் என்பது பழமை பேணுவோரின் முதல் விதி.

அந்தச் சட்டம் 1959-ல் புதிய பொது விற்பனை வரிச் சட்டமாகி, 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யில் கலந்தது. எழுபத்தெட்டு ஆண்டுகளில் ஒரே வரி நான்கு சட்டை மாற்றியிருக்கிறது. நம் தாத்தா காலத்துக் கணக்குப் பிள்ளை ஒரு முறை கற்றால் ஆயுளுக்கும் போதும். இன்றைய கடைக்காரர் தன் ஆயுளில் மூன்று முறை கற்க வேண்டியதாயிற்று.

1952: கட்டுப்பாடு நீங்கிய கதை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு தானியங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. ரேஷன், கொள்முதல், ஜில்லா விட்டு ஜில்லா கொண்டுபோகப் பர்மிட் என்று வளர்ந்தது. போர் 1945-ல் முடிந்தது; கட்டுப்பாடு முடியவில்லை. காந்தியடிகள் வற்புறுத்தியதன் பேரில் 1947 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. விலைகள் ஏறின. 1948-லேயே மீண்டும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை மளிகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்வது நல்லது. சந்தையில் ஐம்பது ரூபாய்க்குப் போகக்கூடிய சரக்கை நாற்பது ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. வாங்குவோர் கூடுகிறார்கள், கொண்டுவருவோர் குறைகிறார்கள். சரக்கு தட்டுப்படுகிறது. தட்டுப்பட்டதும் 'யாருக்கு எவ்வளவு' என்று பங்கிட ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரியிடம் பர்மிட் வாங்க ஒரு வரிசை. வரிசையை முந்த ஓர் இடைத்தரகர். ஒழுங்காக வியாபாரம் செய்பவன் கையில் சரக்கில்லை. ஒழுங்கை விட்டவன் கையில் சரக்குண்டு. கடைசியில் ஏழை மனிதன் நாற்பதுக்கும் வாங்கவில்லை, ஐம்பதுக்கும் வாங்கவில்லை. கள்ளச் சந்தையில் எழுபதுக்கு வாங்குகிறான். நல்ல எண்ணத்தில் பிறந்த உத்தரவு நாணயமானவனைத் தண்டித்து நாணயமற்றவனை வளர்த்துவிடுகிறது.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். இரண்டு மாதத்துக்குள், ஜூனில், உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாயின் ஆதரவு அவருக்கு இருந்தது. பஞ்சம் வரும், விலை வானத்தைத் தொடும் என்று பலர் அஞ்சினார்கள். அஞ்சிய அளவு நெருக்கடி வரவில்லை. பத்தாயத்தில் பதுங்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. சென்னை காட்டிய வழியைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 1954-க்குள் நாடெங்கும் அந்தப் போர்க்காலக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது.

1947-ல் பலிக்காதது 1952-ல் ஏன் பலித்தது? இங்கேதான் பழமை பேணுவோரின் இரண்டாவது விதி இருக்கிறது: கொள்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, காலமும் சரியாக இருக்க வேண்டும். பிரிவினைக் கலவரமும் போர்க்காலப் பற்றாக்குறையும் நீங்காத 1947 ஒரு காலம். நிலைமை ஓரளவு சீரடைந்த 1952 வேறொரு காலம். மருந்து ஒன்றுதான், கொடுத்த வேளை வேறு.

'பர்மிட், லைசென்ஸ், கோட்டா' ராஜ்யம்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை லட்சியமாக அறிவித்தது. உணவு தானிய மொத்த வியாபாரத்தை அரசே நடத்துவது என்ற பேச்சும் அந்நாளில் பலமாக இருந்தது. மொத்த வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய அபாயம் வேறென்ன? எண்பது வயது நிறைந்த ராஜாஜி அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். என்.ஜி.ரங்கா தலைவரானார், மினு மசானி பொதுச்செயலாளரானார், கே.எம்.முன்ஷி போன்றோர் உடன் நின்றனர். அப்போதைய ஆட்சி முறைக்கு ராஜாஜி இட்ட பெயர் 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்'. அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அக்கட்சி 1962-ல் மக்களவையில் 18 இடங்களும் 1967-ல் 44 இடங்களும் பெற்றது. தமிழ்நாட்டில் 1967-ல் தி.மு.க.வுடன் கூட்டணி கண்டு சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி 1972 டிசம்பர் 25-ம் தேதி காலமானார்; 1974-ல் கட்சி வேறொன்றில் கலந்து மறைந்தது. கட்சி மறைந்தாலும் கருத்து மறையவில்லை. 1991-ல் நரசிம்ம ராவ் ஆட்சியில் தொழில் லைசென்ஸ் முறை பெரும்பாலும் நீக்கப்பட்டபோது, அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லத் தொடங்கியது அரசின் கொள்கையாயிற்று.

'கோட்டா' என்ற சொல் திருப்பூர் வட்டாரத்துக்குப் புதியதன்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆயத்த ஆடை இறக்குமதிக்கு அளவு விதித்திருந்த காலத்தில், ஏற்றுமதியாளருக்கு நல்ல தையலும் நல்ல நூலும் இருந்தால் போதாது. கோட்டா இருக்க வேண்டும். அந்தக் கோட்டாவே விலைக்குக் கைமாறியதை இவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். பனியன் விற்றுச் சம்பாதிக்க வேண்டியதற்குப் பதில் பனியன் விற்கும் உரிமையை விற்றுச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். 2005 ஜனவரி 1-ம் தேதி உலக அளவில் அம்முறை ஒழிந்தது. அதன் பிறகு போட்டி கடுமையானது உண்மை. ஆனால் திறமைக்கும் தரத்துக்கும் இருந்த கதவு அகலமானதும் உண்மை.

கணக்கு பிசகிய இடங்கள்

ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது பேரேடு ஆகாது. பற்றும் எழுத வேண்டும்.

முதலாவது, ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில். பள்ளிக்கூடம் போதாத நாட்டில் இது சிக்கனமான வழி என்பது அவர் எண்ணம். ஆனால் தகப்பன் தொழிலே பிள்ளைக்கு விதி என்று ஆகிவிடும் என மக்கள் கண்டார்கள். 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராஜ் அத்திட்டத்தைக் கைவிட்டார். இருப்பதைக் காப்பது என்ற கொள்கை, இருப்பது அநீதியாக இருந்தால் அநீதியையும் சேர்த்துக் காத்துவிடும். இன்று இக்கடைவீதியில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேருடைய தகப்பனார் வியாபாரி? குலத்தொழிலை விட்டு வந்தவர்களால்தான் இந்த ஊர்களே பெரிதாயின.

இரண்டாவது, ரேஷன் கடை. பழமை பேணும் பொருளாதாரம் இதை வீண் செலவு என்று எளிதில் சொல்லிவிடும். தமிழ்நாட்டு அனுபவம் அப்படிச் சொல்ல விடாது. கூலிக் குடும்பத்துக்கு அரிசி உறுதியானால் கையில் மிஞ்சும் காசு எண்ணெய்க்கும் சோப்புக்கும் மசாலாவுக்கும் நம் கடைக்கே வருகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் பனியன் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது, அரசின் உதவித்தொகையும் அரிசியும் வீடு வீடாகச் சேர்ந்தது ரேஷன் கடை வழியாகத்தான். அந்த அமைப்பு இல்லாமலிருந்தால் நாம் எழுதிய கடன் நோட்டு எவ்வளவு நீண்டிருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, நொய்யல். கட்டுப்பாடே கூடாது என்றால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெகுதூரம் போக வேண்டாம். சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை விவசாயிக்குப் பயன்படாத நீர்த்தேக்கமாயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளிக்குக் கூலி நின்றது; மளிகைக் கடைக்கு வசூல் நின்றது. ஆரம்பத்திலேயே அளவான கட்டுப்பாட்டை நேர்மையாக அமல்படுத்தியிருந்தால் ஒரே நாளில் பூட்டுப் போட வேண்டி வந்திருக்காது. அடுத்தவன் கிணற்றைக் கெடுக்கும் சுதந்திரம் வியாபாரச் சுதந்திரம் ஆகாது.

நான்கு கேள்விகள்

வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்தால் நம் கையில் நிற்பவை நான்கு கேள்விகள். எந்தப் புதிய சட்டம் வந்தாலும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: இது அரசு செய்ய வேண்டிய வேலைதானா?

அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து நீரேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்பகுதி மக்கள் கேட்டது, சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. எந்த வியாபாரியும், எந்தச் சங்கமும் இதைச் செய்ய முடியாது. இது அரசின் வேலை. சேவூர்க் கடலையும் இப்பகுதிப் பருத்தியும் நன்றாக விளைந்தால்தான் விவசாயி கையில் பணம் புரளும். அது புரண்டால்தான் கடைவீதியில் வியாபாரம். அரசு தான் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அறுபது ஆண்டு தாமதித்து, வியாபாரி செய்யக்கூடிய வேலையில் அவசரமாகக் கை வைப்பதுதான் ராஜாஜி போன்றோரின் பெரிய மனக்குறை.

இரண்டு: அவகாசம் கொடுத்தார்களா?

இரண்டு உத்தரவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சனிக்கிழமை தோறும் ரொக்கமாகக் கூலி பட்டுவாடா நடக்கும் ஊர் இது. கூலி தடைப்பட்டதும் வாராந்தரக் கணக்குத் தீர்ப்பது தடைப்பட்டது. மண்டிக்காரருக்கு நாம் கொடுக்க வேண்டியதும் நின்றது. மாறாக, தமிழக அரசு 2018 ஜூன் 5-ம் தேதி பிளாஸ்டிக் பை உள்ளிட்ட ஒரு முறை பயன்பாட்டுப் பொருள்களுக்குத் தடை அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. சுமார் ஏழு மாத அவகாசம். அந்தத் தடையிலும் நமக்குச் சங்கடங்கள் இருந்தன. ஆனால் கையிருப்பைத் தீர்க்கவும் துணிப்பைக்கும் காகிதப்பைக்கும் மாறவும் நாள் இருந்தது. சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். அவகாசம் கொடுத்த சட்டமே கடைவீதியில் குறைந்த சேதத்துடன் வேர் பிடிக்கிறது.

மூன்று: சின்னக் கடை தாங்குமா? சட்டம் போட்டவர் நினைத்தபடிதான் அது நடக்குமா?

ஜி.எஸ்.டி. வந்ததில் நன்மை உண்டு. வாளையார் போன்ற எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசை கட்டிக் கிடந்தது நீங்கியது. சரக்கு விற்கும் சிறு வணிகருக்குப் பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக 2019 ஏப்ரலில் உயர்ந்தது. இணக்க வரித் திட்டத்தில் ஒன்றரைக் கோடி வரை வரிக்குரிய விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். அதில் சேர்பவர் வாடிக்கையாளரிடம் தனியே வரி வசூலிக்கக் கூடாது. உள்ளீட்டு வரியைக் கழிக்கவும் முடியாது. வெளிமாநிலத்துக்கு அனுப்பவும் முடியாது. இவை புரிந்து நடக்கக்கூடிய ஏற்பாடுகள்.

ஆனால் 2022 ஜூலை 18-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். அதுவரை பதிவு பெற்ற பிராண்டுக்கு மட்டுமே என்றிருந்த ஐந்து சதவீத வரி, 25 கிலோ வரை பொட்டலமிட்டுச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் வந்தது. சில்லரையாக அள்ளிப் போட்டால் வரியில்லை; பொட்டலம் கட்டினால் வரி. விளைவு? 26 கிலோ அரிசிப் பை சந்தைக்கு வந்தது. குடும்பத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்பதற்கும் 26 என்ற எண்ணுக்கும் சம்பந்தமில்லை. சட்டம் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்க ஒரு கிலோ தேவைப்பட்டது, அவ்வளவுதான். பெரிய பை வாங்க வசதியுள்ளவருக்கு வரியில்லை. ஐந்து கிலோ பொட்டலம் வாங்கும் கூலிக்காரருக்கு வரியுண்டு. மேசை மேல் போடும் கோடு மூட்டை மேல் எப்படி விழும் என்று முன்கூட்டியே கடைக்காரரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்கு: தவறென்று தெரிந்தால் திரும்பி வர வழியுண்டா?

1,000 ரூபாய்க்குட்பட்ட ஆடைகளுக்கு 5 சதவீதமாக இருந்த வரியை 2022 ஜனவரி 1 முதல் 12 ஆக்குவதாக 2021 நவம்பரில் அறிவிப்பு வந்தது. திருப்பூர், சூரத் உள்ளிட்ட ஜவுளி ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. அமலாக ஒரே நாள் இருக்கையில், டிசம்பர் 31-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி ஆடை வரி உயர்வை ஒத்திவைத்தது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் வந்த மாற்றத்தில் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம் என்று வரம்பே உயர்ந்தது. அதற்கு மேல் 18 சதவீதம். மளிகையில் தலைக்கு எண்ணெய், சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவை 18-லிருந்து 5-க்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. திருத்திக்கொள்ளும் வாசல் திறந்திருந்ததால் இது நடந்தது. விலையேற்றக் காலத்தில் கையிருப்பு வரம்பு போடும் அதிகாரத்தை 1955-ம் ஆண்டு அத்தியாவசியப் பொருள் சட்டம் அரசுக்கு அளிக்கிறது. 2020-ல் அந்த அதிகாரத்தைச் சுருக்கும் திருத்தம் முதலில் அவசரச் சட்டமாக வந்தது. வியாபாரிக்கு அனுகூலமான திருத்தமே அது. ஆனால் விவசாயிகளையும் மாநிலங்களையும் கலந்து பேசாமல் வேறு இரு வேளாண் சட்டங்களோடு சேர்த்துக் கொண்டுவந்ததால், போராட்டம் வளர்ந்து, 2021 நவம்பர் இறுதியில் மூன்றும் சேர்ந்தே போயின. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் கையிருப்பு வரம்பு வந்தது: மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லரைக் கடைக்கு 5 டன். அதே மாதம் கோதுமைக்கும் வந்தது. ஆக, நல்ல சீர்திருத்தம்கூட அவசரத்தில் வந்தால் நிற்பதில்லை. தேர் திருப்பத்தில் கட்டை கொடுக்காமல் இழுத்ததன் பலன் அது.

நமது தராசும் நேராக நிற்கட்டும்

இத்தனை சொன்ன பிறகு நம்மை நோக்கியும் ஒரு கேள்வி வருகிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

2012 செப்டம்பரில், பல பிராண்டு சில்லரை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது. நாடெங்கும் வணிகர்கள் எதிர்த்தோம். தமிழகத்தில் அனுமதிப்பதில்லை என்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். மே 5 வணிகர் தின மேடைகளில் பெரிய நிறுவனங்களையும் இணைய வழி விற்பனையையும் கட்டுப்படுத்தக் கோருகிறோம். நம் மீது கட்டுப்பாடு வந்தால் சுதந்திரம் பேசுகிறோம். பிறர் நம் தெருவுக்கு வந்தால் கட்டுப்பாடு கேட்கிறோம். இது முரண்பாடு அல்லவா என்று ஓர் அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில் உண்டு, ஆனால் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். 'போட்டியே கூடாது' என்று கேட்டால் நாம் கேட்பது கோட்டா. கோட்டா ராஜ்யத்தில் பங்கு கேட்டுவிட்டுக் கோட்டா ராஜ்யத்தைக் கண்டிக்க முடியாது. 'போட்டி சமமாக இருக்கட்டும்' என்று கேட்டால் அது நியாயம். பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்கும் முதலீட்டைக் கொண்டு கொள்முதல் விலைக்குக் கீழே விற்று, அண்டைக் கடைகள் மூடியபின் விலை ஏற்றுவது போட்டி அன்று. உற்பத்தியாளர் பெரிய நிறுவனத்துக்கு ஒரு விலையும் நமக்கு ஒரு விலையும் போட்டு, கழிவுத் தொகையை மறைப்பது சமதளம் அன்று. இவற்றுக்கு விதி கேட்பது குத்துச்சண்டையில் நடுவர் கேட்பது போன்றது. எதிராளியின் கையைக் கட்டச் சொல்வது போன்றதன்று.

அதோடு, வாங்குபவரின் நன்மையையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். எடை சரியாக இருக்கிறதா, பில் கொடுக்கிறோமா, காலாவதித் தேதி பார்க்கிறோமா, உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா? குறைந்த கட்டணத்தில் முடியும் பதிவுகூட இல்லாமல் 'அதிகாரிகள் தொல்லை' என்று மனுக் கொடுத்தால், மனுவின் பலம் அங்கேயே போய்விடும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் தொழிலுக்கு வெளியிலிருந்து கட்டுப்பாடு குறைவாகப் போதும். இதுவும் பழமை பேணுவோர் சொன்னதே: வீட்டிலும் சங்கத்திலும் ஒழுங்கு இருந்தால் அரசு சிறிதாக இருக்கலாம்; அங்கே ஒழுங்கு குலைந்தால் அரசு பெரிதாகத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை

புதிய உத்தரவு ஒன்று வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, நகலை வாங்கி முழுக்கப் படிப்பது. பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துப் போராட்டம் அறிவிக்கக் கூடாது. இரண்டாவது, நம் கடைக் கணக்கை வைத்து, இச்சட்டத்தால் மாதம் எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் கூடுகிறது என்று எழுதி வைப்பது. '26 கிலோப் பை' போன்ற ஓர் உதாரணம் நூறு கோஷத்துக்குச் சமம். மூன்றாவது, அந்தக் கணக்கை நான்கு கேள்விகளின் வரிசையில் அடுக்கிச் சங்கத்தின் மூலம் மனுவாகக் கொடுப்பது. வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், இப்படிச் செய்தால் உங்கள் நோக்கமும் நிறைவேறும், எங்கள் பிழைப்பும் நடக்கும் என்று மாற்று வழியையும் எழுத வேண்டும். 2021 டிசம்பர் 31-ம் தேதி நடந்தது காட்டுவது போல, கணக்கோடு போகும் குரலுக்கு டெல்லியிலும் காது உண்டு.

அரசாங்கம் இல்லாமல் கடைத்தெரு இல்லை. திருட்டைத் தடுக்கவும், எடைக்கல்லில் முத்திரை வைக்கவும், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரவும் அது வேண்டும். கடைத்தெரு இல்லாமல் அரசாங்கமும் இல்லை. அதன் கஜானாவுக்குக் கவளம் போவது நமது கல்லாவிலிருந்துதான். கவளத்தை நாம் ஒழுங்காக உருட்டிக் கொடுப்போம். யானை வயலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது ஆள்வோர் கடமை. இறங்கினால் ஒன்றுபட்டு, ஆதாரத்தோடு எடுத்துச் சொல்வது நமது கடமை.